பூனை தூங்குது என்றீர்

உமது ஹெல்மட்டைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை என்னுடைய மனுசன் எடுத்துத் தலையில் மாட்டினார். கதவுக்குப் பின்னால், நீர் தந்த அன்று நான் கொழுவிவிட்ட அதே ஆணியில்தான் அது இவ்வளவு காலமும் கிடந்தது. இடைக்கிடை தூசி தட்டுவேன், துடைப்பேன், திரும்பக் கொழுவிவிடுவேன். உள்ளே அந்தத் தைல வாசம் இன்னும் போகவில்லை. தலையிடி என்று நெற்றியில் அள்ளிப் பூசுவீரே, அந்தத் தைலம். அது மூக்கில் ஏறியதும் மனுசன் தும்மிவிட்டு, "இதென்ன, ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது" என்றார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பாவம், அவருக்கு என்ன தெரியும். அவருடைய கார் கராஜில். பம்பலப்பிட்டியில் சொந்தக்காரர் வீட்டில் மதியச் சாப்பாடு. வரச்சொன்ன ஓட்டோ வரவில்லை. வேறு வழியில்லாமல், கலியாணம் கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக, பெண்சாதி ஓட்டும் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் முனகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

மரைன் டிரைவில் போய்க்கொண்டிருக்கும்போது என் தோளில் தட்டினார்.

"உதென்ன பின்னுக்கு உறுமுது?"

"உங்கடை வயிறாத்தான் இருக்கும். விருந்துக்கெல்லே போறம்."

"பகிடி விடாதையும். வடிவாக் கேளும். என்ரை இடது காலுக்குக் கிட்ட."

கேட்டேன். கடற்காற்றும், என் ஹெல்மட்டுக்குள் என் மூச்சும்தான் கேட்டன. அவரை இறக்கிவிட்டுத் தனியே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். ஒரு சிலமனும் இல்லை. திரும்பி வரும்போது அவர் மறுபடி ஏறினார். ஏறிக் கொஞ்சத் தூரம் போனதும், "இந்தா, இப்ப கேக்குது" என்றார். எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கிறது. அவர் ஏறினால்தான் கேட்கிறது. அந்த இடத்திலேயே உம்மை நினைத்துக்கொண்டேன். பின்னால் இருந்து சத்தம் சொல்வது உமது வேலையல்லவா. அதைப் போயும் போயும் இந்த மனுசன் செய்கிறாரே என்று இருந்தது.

இந்த வண்டி எங்களிடம் வந்தது பெற்றோல் வரிசைக் காலத்தில். கொழும்புப் புதுக்கடையில் நீரும் நானும் வேலை செய்த சட்டத்தரணி ஐயாவின் கார் வரிசையில் நின்று நின்று களைத்து, கடைசியில் அவர் வீட்டு வாசலிலேயே படுத்துவிட்டது. ஆனால் கோப்புகள் நீதிமன்றத்துக்கும் காணிப் பதிவகத்துக்கும் போயே ஆகவேண்டும். மின்சாரத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினால் என்ன என்று நான் கேட்டேன். வெள்ளவத்தையில் என் ஆட்கள் எல்லாரும் ஒரே குரலில் "உமக்கென்ன விசரோ" என்றார்கள். எதிர் மேசையில் சிங்களத் தட்டச்சு செய்துகொண்டிருந்த நீர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "வாங்குங்கக்கா. நான் பின்னாடி உக்காந்து ஃபைலைப் பிடிச்சுக்கிறேன்" என்றீர். அந்த ஒரு சொல்லில்தான் வாங்கினேன்.

உம்மை நான் 'நீர்' என்று கூப்பிடுவது உமக்கு முதலில் பெரிய வேடிக்கை. "நீர்னா தண்ணி தானக்கா? எங்க தோட்டத்துல யாராச்சும் இப்படிப் பேசினா, கூத்துல ராசா வேசம் கட்டியிருக்காருன்னு நினைப்பாங்க" என்று சிரிப்பீர். எங்கள் பக்கத்தில் அது அன்பான சொல், வயதில் இளையவருக்கும் ஒரு மரியாதை என்று விளக்கினேன். "அப்ப சரி, ராசா மாதிரியே இருந்துட்டுப் போறேன்" என்றீர். ஒருநாள் கோபத்தில் வாய் தவறி 'நீ' என்றுவிட்டேன். நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்.

பெற்றோல் வண்டியில் நட்டு ஒன்று கழன்று விழுந்தாலும் எஞ்சினின் கூச்சலில் தெரியாது. இந்த வண்டி ஓடும்போது ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும்தான். வேகம் கூடினால் அதுவும் கூடும், குறைந்தால் குறையும். அது மோட்டரின் இயல்பு, அதற்குப் பயப்படத் தேவையில்லை. மற்ற எல்லாம், கீச்சோ, முனகலோ, தட்டலோ, ஒளிக்க இடமில்லாமல் வெளியே வந்துவிடும். ஆனால் முழு முகத்தையும் மூடும் ஹெல்மட் போட்டு ஓட்டுகிற எனக்கு அதில் பாதிதான் கேட்கும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், காது மூடாத ஹெல்மட்டோடு இருந்த உமக்கு எல்லாமே கேட்கும். வண்டியில் ஏறினால் நீர் வாய் திறக்கமாட்டீர். கோப்புப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, வெறும் காதாக உட்கார்ந்திருப்பீர். கண்ணாடியில் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

"அக்கா, நிப்பாட்டுங்க. டிக்கு டிக்குன்னு ஒண்ணு வருது."

முதல் சத்தம் அதுதான். அலுவலக வாசலில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினோம். நீர் உமது கைப்பையைத் திறந்து, அன்று காலை கோயிலில் கொடுத்த திருநீற்றையும் சந்தனத்தையும் எடுத்தீர். ரயரில் ஒரு திருநீற்றுக் கோடு. மோட்டரையும் பின்சக்கரத்தையும் இணைக்கிற பெல்ட்டில் ஒரு சந்தனப் பொட்டு. பிறகு சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினீர். சக்கரத்தில் அது சுற்றிவரும் வட்டத்தை விடப் பெல்ட் நீளம், அதனால் பெல்ட் ஒரு சுற்று வருவதற்குள் சக்கரம் ஒன்றுக்கு மேல் சுற்றிவிடும். திருநீறு கீழே வரும்போதெல்லாம் டிக் என்றால் குற்றம் சக்கரத்தில். பொட்டு வரும்போது மட்டும் டிக் என்றால் பெல்ட்டில். உமக்கு யார் இதைச் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "யாரும் சொல்லலக்கா. அந்த ரெண்டும் வேற வேற வேகத்துல போகுதுல்ல, கண்ணால பாத்தா தெரியுமே" என்றீர். அந்த வழியால் போன யாரோ ஒருவர் புது வண்டிக்குப் பூசை நடக்கிறது என்று நினைத்து, நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பொட்டோடுதான் சத்தம் வந்தது. பெல்ட்டின் பல்லுக்குள் ஒரு சின்னச் சிரட்டைத் துண்டு. முதல்நாள் கோயில் வாசலில் சிதறு தேங்காய் உடைத்த இடத்துக்கு மேலால் வந்திருக்கிறோம். "பிள்ளையாருக்கு உடைச்சதை நம்ம பெல்ட்டு தின்னுருச்சுக்கா" என்று கொண்டை ஊசியால் அதைக் கிண்டி எடுத்தீர்.

அடுத்தது அந்தப் புலிக் கதை. பெல்ட் பின்சக்கரத்தோடு சேருகிற இடத்தில் பல் வைத்த வட்டம் ஒன்று இருக்கிறது. நுகேகொடையில் எங்கள் வண்டியைப் பார்க்கிற நிமல் அதற்குச் சொல்லும் பெயர் 'புலி'. 'புல்லி' என்கிற இங்கிலிஸ் சொல் கராஜ்காரர் எல்லாருடைய வாயிலும் அப்படித்தான் வரும். ஒருநாள் வண்டியை நிமலிடம் விட்டுவிட்டு காலி வீதி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பஸ் நிறையச் சனம். நீர் போனில் கேட்டீர், என்னவாம் என்று. நானும் இரைச்சலில் உமக்குக் கேட்கவேண்டும் என்று உரத்த குரலில், "பின்னுக்கு இருக்கிற புலியிலைதான் பிரச்சினையாம். நாளைக்குப் புலியைக் கழட்டிப் பாக்கப் போறாங்களாம்" என்றேன். பக்கத்து சீட்டில் இருந்த மனிதர் மெல்ல எழும்பி முன்னால் போய் நின்றார். இரண்டு தலைகள் திரும்பின.

"அக்கா! முதல்ல ஃபோனை வைங்க! ரெண்டு பேரையும் உள்ள தூக்கிப் போட்டுருவாங்க!" என்று நீர் மறுமுனையில் கத்தினீர்.

போர் முடிந்து காலம் மாறிவிட்டதுதான். இருந்தாலும் கொழும்பில் தமிழ் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் அக்கம்பக்கம் பார்த்துக்கொள்வோம், அது உமக்கும் எனக்கும் ஒன்றுபோலத்தான். அடுத்த நாள் நீர் அதற்குப் பெயர் மாற்றினீர். புலி வேண்டாம், பூனை. அதன் பிறகு வண்டியில் எந்தச் சத்தம் வந்தாலும் பூனையின் பெயரில்தான். பூனை சிணுங்குதுக்கா. பூனை கீறுதுக்கா. சத்தம் இல்லையென்றால், பூனை தூங்குது. நிமலுக்கு விசயத்தைச் சிங்களத்தில் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு நாங்கள் கடைக்குள் காலை வைக்கும்போதே "பூசா கொஹொமத?" என்று பூனையைத்தான் சுகம் விசாரிப்பான். அலுவலகத்தில் ஐயா கடைசி வரைக்கும் நான் வீட்டில் பூனை வளர்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு உமது மார்பில் கட்டி என்றார்கள்.

வெட்டி எடுத்த பிறகும் சிகிச்சைக்கு வாரம் தவறாமல் போகவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி நுகேகொடைக்கும் அப்பால். உமது அறை இருந்த கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக உம்மால் முடியாது. ஓட்டோவின் குலுக்கலில் தையல் போட்ட இடம் கொல்லுது என்றீர். இந்த வண்டியில் அதிர்வு இல்லை, பள்ளம் பார்த்து நான் ஓட்டுவேன். அட்டன் தேயிலைத் தோட்டத்திலிருந்து உமது அண்ணன் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்லமாட்டேன்.

"இங்க தனியா கெடந்து என்ன பண்ணப் போற? அண்ணி பாத்துக்குவா. பெட்டியக் கட்டு."

"என்னைய அக்கா கூட்டிட்டுப் போறாங்க. எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல. வேலையும் இருக்கு."

நெடுநேரம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவர் எழும்பி வாசலில் நின்ற வண்டியைச் சுட்டிக் காட்டினார். "சரி. அந்த வண்டி ஓடுற வரைக்கும் இரு. அது நின்னுச்சுன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் பேச்சே இல்ல." நீர் தலையாட்டினீர். நோயாளி ஒருத்தி அண்ணன் வீட்டுக்குப் போக இவ்வளவு பயப்படுவது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்தச் சின்ன அறையில் என்னதான் இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, பூட்டும் சாவியும்.

அண்ணன் சொன்னது விளையாட்டில்லை என்று சீக்கிரமே தெரிந்தது. ஒரு சனிக்கிழமை என் மனுசன் எண்ணெய் முழுக்கு முடித்துவிட்டு, கிண்ணத்தில் மிச்சம் இருந்த நல்லெண்ணெயோடு வெளியே வந்தார். பெல்ட் கீச்சிடுகிறது என்று நான் சொன்னது அவருடைய காதில் விழுந்திருக்கிறது. நல்ல மனதோடு முழுவதையும் அதன்மேல் ஊற்றிவிட்டார். சங்கிலி என்றால் எண்ணெய் போடலாம். இது ரப்பர். எண்ணெயில் வீதிப் புழுதி ஒட்டி, களிம்பாகி, பெல்ட்டின் பல்லை அரைத்துத் தின்றுவிட்டது. நிமல் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்தான். புதுப் பெல்ட் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். வாரக் கணக்கில் வண்டி அவனுடைய கடையில் நின்றது. நீர் பஸ்ஸில் போய், ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் மயங்கி விழுந்து, அது எப்படியோ அட்டனுக்கு எட்டி, அண்ணன் வந்து உமது பெட்டியைக் கட்டி அறை வாசலில் வைத்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து நிமல் பெல்ட் போட்டாயிற்று என்று போன் பண்ணினான். நான் ஓடிப்போய் வண்டியை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். நீர் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு போனீர். அண்ணன் சிரித்துவிட்டார். நீர் சிரிக்கவில்லை.

அடுத்த ஐப்பசி மழையில், சிகிச்சை முடிந்து திரும்பும்போது ஆமர் வீதியில் அகப்பட்டுக்கொண்டோம். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. திரும்பவும் முடியாது, பின்னால் பஸ். செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு, கால்களைத் தூக்கிக்கொண்டு, "போங்கக்கா, நிக்காதீங்க, நிக்காதீங்க" என்று நீர் கத்த, நான் பின்சக்கரம் முக்கால்வாசி மூழ்க ஓட்டிக்கொண்டு போனேன். அந்த வண்டி தண்ணீருக்குள் இறங்கியது அந்த ஒரு தடவைதான். கரையேறியதும் நீர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. நோய் வந்த பிறகு நீர் அப்படிச் சிரித்ததை நான் பார்த்ததில்லை.

அடுத்த தடவை ஏறியபோது கேட்டேன். "தண்ணிக்குள்ளாலை வந்தனாங்கள். பூனை என்ன சொல்லுது?"

"தூங்குதுக்கா. ஒண்ணும் இல்ல. நீங்க போங்க."

அதற்குப் பிறகுதான் நீர் கதைக்கத் தொடங்கினீர். வண்டியில் வாயே திறக்காத ஆள், ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஓயாமல், அதுவும் என் காதுக்குப் பக்கத்தில் வந்து உரத்து. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு உம்மைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிய கதை. அந்த வீடு வெள்ளவத்தையில், என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அடுப்படி நடையில் பாய் போட்டுப் படுத்தது. அந்த வீட்டம்மா நல்லவர் என்றுதான் சொன்னீர். அவர் மத்தியானம் தூங்கும் நேரத்தில் வகுப்புக்குப் போய்த் தட்டச்சுப் பழகியது. கதவு உள்ள ஒரு அறை, அதைப் பூட்டிச் சாவியைத் தன் கையில் வைத்திருப்பது, அதற்காகத்தான் அவ்வளவு பாடும்.

"ஒருக்கா எனக்கு நெருப்புக் காய்ச்சல்க்கா. அம்மா கேட்டாங்க, என்னடி முகம் ஒரு மாதிரி இருக்குன்னு. ஒண்ணும் இல்லைங்கம்மான்னு சொல்லிட்டு மாவு இடிச்சேன். காய்ச்சல்னு சொன்னா ஊருக்கு அனுப்பிருவாங்கள்ல. அப்படியே பழகிப்போச்சு."

நான் உச்சுக் கொட்டினேன். நோய் வந்த மனம் பழையதை எல்லாம் கிளறுகிறது, சொல்லட்டும் என்று நினைத்தேன். அந்த மாதங்களில்தான் உம்மை நான் அறிந்தேன் என்று சொல்லவேண்டும். அதற்கு முன் எத்தனையோ வருடம் எதிர் மேசையில் இருந்தீர். உமது தேநீருக்கு எவ்வளவு சீனி என்று தெரியும், வேறொன்றும் தெரியாது.

போன மார்கழியில் நீர் போனீர். அண்ணன் கட்டிய பெட்டிக்குத் திரும்ப வேலை வரவேயில்லை. உமது அறையை உமது கையால் பூட்டிவிட்டு, என் பின்னால் ஏறித்தான் கடைசியாக ஆஸ்பத்திரிக்கு வந்தீர். வாசலில் ஹெல்மட்டைக் கழற்றி என்னிடம் தந்து, திரும்பி வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றீர். அதன் பிறகு அந்தப் பின்சீட்டில் யாரும் ஏறவில்லை. நானும் ஏற்றவில்லை, என் மனுசன் ஏறும் வரைக்கும்.

செவ்வாய்க்கிழமை நிமலிடம் கொண்டுபோனேன். அவன் முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தள்ளிப் பார்த்தான். சத்தம் இல்லை. ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றினான். இல்லை. தனியே ஓட்டிக்கொண்டு சந்திவரை போய் வந்தான். "அக்கே, ஒன்றும் இல்லையே" என்று சிங்களத்தில் சொன்னான். ஆள் பின்னால் ஏறினால்தான் வருகிறது என்றேன். "அப்படியென்றால் ஏறுங்கள்" என்றான்.

என்னுடைய வண்டியின் பின்சீட்டில் நான் இருந்ததேயில்லை. காலை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. ஹெல்மட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னான், பின்ஒழுங்கைதானே என்று. வண்டி கிளம்பிக் கொஞ்சத் தூரம் போயிருக்கும். கேட்டது. இடது காலுக்குக் கீழே, தாழ்ந்த குரலில், கறகறவென்ற உறுமல். நிமல் கைப்பிடியை முறுக்கினான், அது கூடியது. கையை விட்டான், வண்டி தன்பாட்டில் உருண்டது, அப்போதும் உறுமல் நிற்கவில்லை. வேகம் தணியத் தணியத்தான் தணிந்தது. மோட்டரில் குற்றம் இல்லை, உருள்கிற எதிலோதான் என்று எனக்கே விளங்கிவிட்டது. உம்மோடு அலைந்ததில் அவ்வளவாவது வந்திருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றினான். புலியைத் தாங்குகிற பெயாரிங்கை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, சுற்றிப் பார்க்கச் சொன்னான். மணலைத் தேய்ப்பது போல் இருந்தது. உள்ளே துரு.

"தண்ணீர் போயிருக்கிறது, அக்கே. வெள்ளத்துக்குள் இறக்கினீர்களா?"

ஓம், ஒருக்கா, என்றேன். எப்போது என்று கேட்டான். சொன்னேன்.

"அப்போதிருந்தே இது கத்தியிருக்கும். பாரம் ஏறினால்தான் கத்தும். முன்னால் இருக்கிற உங்களுக்குக் கேட்டிருக்காது." பிறகு துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அந்த அக்காவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது."

கடையில் கிடந்த பழைய ரயரின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கள்ளி! கொண்டை ஊசியின் நுனியளவு சிரட்டைத் துண்டைக் கேட்ட காது. இந்த உறுமலைக் கேட்கவில்லையாம். தூங்குதாம். வாரம் தவறாமல் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, அது எனக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று என் காதுக்குள் கதை சொல்லிக்கொண்டு வந்திருக்கிறீர். சொன்னால் வண்டியை நான் நிமலிடம் விட்டுவிடுவேன், பெல்ட்டுக்கு நின்றதுபோல வாரக் கணக்கில் அது நின்றுவிடும், அண்ணன் பெட்டியோடு வந்துவிடுவார் என்று பயந்திருக்கிறீர். எல்லாம் விளங்குகிறது. ஆனால் பெயாரிங் நொறுங்கிச் சக்கரம் இறுகியிருந்தால், காலி வீதி பஸ்களுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் என்ன ஆகியிருப்போம்? நிமலுக்கு முன்னால் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவன் எழும்பிப் போய்த் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தான்.

இரண்டு நாளாக உம்மோடு மனதுக்குள் சண்டைதான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை? வண்டி நின்றால் என்ன, நான் நின்றுவிடுவேனா? மனுசனின் காரைப் பறித்துக்கொண்டாவது வந்திருக்கமாட்டேனா? உம்மை என் வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கமாட்டேனா? உமக்கு என்னில் அவ்வளவுதான் நம்பிக்கையா?

அப்படிக் கேட்டுக்கொண்டு வந்தபோதுதான் அந்த மாவு இடித்த கதை நெஞ்சில் வந்து நின்றது. என் வீட்டிலேயே வைத்துப் பார்த்திருப்பேன் என்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில், இன்னொருத்தியின் தயவில், ஒரு பாயில். அதிலிருந்து தப்பித்துத்தான் நீர் அந்தச் சாவியைச் சம்பாதித்தீர். நான் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் அது என் வீடு, என் சாவி. அதை எனக்கு நோகாமல் சொல்ல உமக்குத் தெரிந்த ஒரே சொல் 'ஒண்ணும் இல்ல'. ஏன் அப்படிச் சொல்லப் பழகினீர் என்பதையும் நீரே என் காதுக்குள் சொல்லியிருக்கிறீர். உறுமலை மறைக்கச் சொன்ன கதை என்றுதான் நேற்றுவரை நினைத்தேன். இன்று பார்க்கும்போது, அந்தக் கதையை எனக்குச் சொல்லவேண்டும் என்றும் உமக்கு இருந்திருக்கிறது. நான்தான் கேட்டுவிட்டுப் பாதை பார்த்து ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

கோபம் இப்போது இல்லை. நீர் கடைசிவரை உமது கதவைப் பூட்டித் திறந்தீர், அது நடந்தது, அதற்கு இந்த வண்டி கத்திக்கொண்டாவது ஓடியது. எனக்கு அது போதும்.

இன்று பின்னேரம் புதுப் பெயாரிங்கோடு வண்டி வந்தது. சோதித்துப் பார்க்க மனுசனைக் கூப்பிட்டேன். உமது ஹெல்மட்டைத் தும்மாமல் மாட்டிக்கொண்டு ஏறினார். கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டம் ஓடினோம்.

"என்ன, கேக்குதோ?"

"இல்லை. ஒண்டும் இல்லை."

முன்பென்றால் அத்தோடு வீடு திரும்பியிருப்பேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"உண்மையா ஒண்டும் இல்லையோ?"

"வண்டியிலை ஒண்டும் இல்லையப்பா." குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். "முழங்கால்தான்... ஏறி இறங்க விடுகுதில்லை. கன நாளா. நீர் வேலையாலை களைச்சு வாறனீர், உமக்கு ஏன் கரைச்சலெண்டு விட்டிட்டன்."

வண்டியின் சாவியைத் திருப்பி அணைத்தேன். அவருக்குச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது.